கம்பைலர் மாறினால் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

டேலியில் ஏப்ரல் மாத வவுச்சர் ஒன்றைத் திருத்தினால் என்ன ஆகும்? லெட்ஜர், ட்ரயல் பேலன்ஸ், பேலன்ஸ் ஷீட் எல்லாம் தானாகவே மாறிவிடும். யாரும் பக்கம் பக்கமாக உட்கார்ந்து திருத்துவதில்லை. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சாதாரண விஷயம். ஆனால் மென்பொருள் தயாரிக்கிறவர்களின் பட்டறையிலேயே இந்த வசதி பல இடங்களில் இன்னும் பாதிதான் வந்திருக்கிறது!

விஷயம் இதுதான். எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது கம்பைலர். லினக்ஸின் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்கள் இப்படிக் கட்டப்பட்டுத்தான் வருகின்றன. நிரலில் ஓர் எழுத்துகூட மாறாமல், கம்பைலர் மட்டும் மாறினாலும் சிக்கல்தான். 2015-ல் ஜிசிசி 5 வந்தபோது, சி++ எழுத்துச் சரங்களை நினைவகத்தில் வைக்கும் முறை மாறியது. டெபியன்காரர்கள் ஏகப்பட்ட நூலகங்களின் பெயருக்குப் பின்னால் 'வி5' என்று வால் ஒட்டி, அவற்றை நம்பியிருந்த பேக்கேஜ்களையும் வரிசையாக மறுபடி கட்டினார்கள். ஹாஸ்கெல், ஓகேமல் மொழிகளிலோ கம்பைலர் பதிப்பு மாறினாலே இந்தக் கதைதான்.

சரி, ஓடாமல் நின்றுபோனால் யாராவது கவனித்துவிடுவார்கள். ஓடிக்கொண்டே இருந்தால்? ஆபத்து அங்கேதான். கோ மொழியில் கம்பைலரோடு வரும் நூலகம் ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும் பிரதியாகப் போய் உட்கார்ந்துவிடும். 2023 அக்டோபரில் 'ரேபிட் ரீசெட்' என்ற தாக்குதல் வெளியே தெரிந்ததும் கோ 1.21.3 திருத்தத்தோடு வந்தது. புதிய கோவை நிறுவிவிட்டால் போதுமா? போதாது. பழைய கோவில் கட்டிய சர்வர் புரோகிராமுக்குள் பழைய ஓட்டை அப்படியே இருக்கும், மறுபடி கட்டும்வரை.

இதை மனிதர்களின் ஞாபகத்துக்கு விடலாமா? கூடவே கூடாது. 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 'மேக்' கருவியை எழுதியதே இப்படி ஒரு மறதியால்தான். சக ஊழியர் ஒருவர் பிழையைத் திருத்திவிட்டு, கோப்பைக் கம்பைல் செய்ய மறந்து, சரியான புரோகிராமில் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிழை தேடினார். ஆனால் மேக் பார்ப்பது கோப்புகளின் நேரத்தை மட்டும்தான். தனியாகச் சொல்லிவைக்காவிட்டால், கம்பைலர் மாறியதை அது கண்டுகொள்ளாது.

"எல்லாவற்றையும் தானாகக் கட்டச் சொன்னால் கரண்ட் பில் யார் கட்டுவது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிக்ஸ் முறையில் கம்பைலர் உட்பட எது மாறினாலும் அதைச் சார்ந்த அனைத்தும் மறுபடி கட்டப்படும். அதனால் பெரிய மாற்றங்களை 'ஸ்டேஜிங்' என்ற தனிக் கிளையில் சேர்த்துவைத்து மொத்தமாகக் கட்டுகிறார்கள். சூசேகாரர்களின் ஓப்பன் பில்ட் சர்வீஸ் தானாகவே கட்டும்; முடிவு பழையது மாதிரியே இருந்தால் அதை ஒதுக்கிவிடும். சங்கிலி அங்கேயே நின்றுவிடும். ஆக, செலவைக் குறைக்க வழி இருக்கிறது.

இது எங்கோ வெளிநாட்டுப் பிரச்சினை இல்லை. கொட்டிவாக்கத்துக்குப் பக்கத்திலேயே, தரமணியில் இருக்கும் சி-டாக் சென்னைதான் 2007-ல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. அடிப்படை டெபியன். டெபியன் கட்டியதை அப்படியே எடுத்துக்கொள்ளும்வரை கவலை இல்லை. தமிழுக்காகவோ அரசு அலுவலகத்துக்காகவோ கைவைத்து மாற்றிய ஒவ்வொரு பேக்கேஜும் மாற்றியவர் பொறுப்பு. டெபியனுக்கு உலகம் முழுக்க சுமார் ஆயிரம் டெவலப்பர்கள். அங்கேகூட எவை பாக்கி என்று பட்டியல் போடக் கருவி உண்டு. கட்டச் சொல்லி உத்தரவு போடுவது பெரும்பாலும் மனிதர்கள். அத்தனை ஆள்பலம் இல்லாத சிறிய குழுக்கள் எப்படி ஞாபகத்தை நம்பிப் பிழைப்பது? யோசித்துப் பாருங்கள்.

அதற்காக, கட்டி முடித்ததும் நேராகப் பயனர் கணினிக்கு அனுப்பிவிடு என்று அர்த்தமில்லை. டேலி பேலன்ஸ் ஷீட்டைத் தானே போட்டுத் தரும். ஆனாலும் ஆடிட்டர் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார். இங்கேயும் அப்படித்தான் இருக்க வேண்டும். எதைக் கட்ட வேண்டும் என்று ஞாபகம் வைப்பதும், கட்டுவதும், சோதனைகளை ஓட்டுவதும் இயந்திரத்தின் வேலை. வெளியிடலாமா என்று முடிவெடுப்பது மனிதர் வேலை. இலவச மென்பொருளுக்கு விலை இல்லை. பராமரிப்புச் செலவு உண்டு. அந்தச் செலவைக் கணக்கில் எழுதாமல் விட்டால், கடைசியில் கட்டப்போவது பயனர்தான்.