இனிக்கும் நாரும் இங்கிலீஷ் பாக்கெட்டும்

ஆற்காட்டில் இருந்து ஆரணிக்குப் போகும் சாலையில் இருக்கிறது திமிரி. சாயங்காலம் ஆனால், ஷூ கம்பெனி வேலை முடிந்து பெண்கள் வேனில் வந்து இறங்குவார்கள். நாள் முழுவதும் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டு வருகிறவர்கள். வீட்டுக்குப் போகிற வழியில் மளிகைக் கடைக்குள் நுழைவார்கள். அங்கே இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

"அண்ணே, எங்க மாமியாருக்கு சக்கரை இருக்குது. அவங்க துன்ற மாதிரி பிஸ்கோத்து இருக்குதா?"

கடைக்காரர் ஒரு பாக்கெட்டை எடுத்துப் போடுவார். பச்சை நிறம். மேலே இலைப் படம். சாதாரண பிஸ்கோத்தை விட விலை அதிகம்.

"இதுல இன்னாண்ணே எழுதியிருக்குது?"

"சுகர் ஃப்ரீம்மா. சக்கரை இல்ல. நாரு போட்டது. வயித்துக்கு நல்லது."

பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பத்து வரி இருக்கும். அந்த அம்மாள் தமிழ் படிப்பார். பஸ் போர்டு படிப்பார். இந்தப் பத்திரிகையும் படிப்பார். ஆனால் பத்து வரியும் இங்கிலீஷ்! கடைக்காரருக்கும் அது புரியாது. காசு கை மாறிவிடும்.

அந்தப் பத்து வரியில் என்னதான் இருக்கிறது? அதைத் தெரிந்துகொள்வது இப்போது அவசியம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து எடுத்த கணக்கு 2023-ம் ஆண்டு வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது என்று அது சொன்னது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்கள் 100 பேரில் 14 பேருக்கு இருக்கிறது. தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு நோயாளி என்று ஆகிவிட்டது. மக்கன் பேடாவுக்குப் பேர்போன ஆற்காட்டுப் பக்கத்தில், இனிப்பைத் தொடாதே என்று எத்தனை பேருக்குச் சொல்ல முடியும்? இனிப்பும் வேண்டும், வியாதியும் ஏறக்கூடாது என்று தவிப்பவர்களைத் தேடித்தான் இந்தப் பாக்கெட் வந்திருக்கிறது.

சிக்கரி வேர்

நார் என்றால் வாழை நார், தேங்காய் நார் என்று நினைக்க வேண்டாம். இது வெள்ளை மாவு. தண்ணீரில் கரையும். லேசாக இனிக்கும்.

இது பெரும்பாலும் சிக்கரிச் செடியின் வேரில் இருந்து எடுக்கப்படுகிறது. ஆமாம், நம் காப்பித் தூளில் கலக்கிறார்களே, அதே சிக்கரிதான்! குஜராத்தில் ஜாம்நகர்ப் பக்கமும் ஆனந்த் பக்கமும் அது விளைகிறது. வேரை வறுத்துப் பொடித்தால் காப்பிக்குப் போகிறது. வறுக்காமல் சுடுதண்ணீரில் ஊறவைத்துச் சத்தைப் பிரித்தால் இந்த வெள்ளை மாவு கிடைக்கிறது. பெல்ஜியம், ஹாலந்து, சிலி ஆகிய நாடுகளில் இதற்கென்றே பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன.

இதே வகை நாரைச் சர்க்கரையில் இருந்தும் செய்கிறார்கள். ஒருவகைப் பூஞ்சைக் காளானின் நொதியைச் சர்க்கரைப் பாகில் சேர்த்தால், சர்க்கரைத் துகள்கள் சங்கிலி போல் கோத்துக்கொள்கின்றன. ஆந்திராவில் மாம்பட்டு என்ற ஊரில் டாடா கெமிக்கல்ஸ் நிறுவனம் இதற்குத் தொழிற்சாலை கட்டியது. சென்னைக்கு வடக்கே, எல்லையைத் தாண்டியதும் அந்த ஊர். கரும்பு போடுகிற நம் வட்டாரத்து விவசாயிகளும் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

இந்த நாருக்கு இனுலின் என்று பெயர். 1804-ம் ஆண்டு ஜெர்மனியில் வாலன்டைன் ரோஸ் என்ற விஞ்ஞானி, இனுலா என்ற செடியின் வேரில் இதைக் கண்டார். செடியின் பெயரே சத்துக்கும் பெயராகிவிட்டது. இதன் சிறிய சங்கிலிகளுக்கு ஆலிகோபிரக்டோஸ் என்று பெயர். இனிப்பு அதிகம் உள்ளது அதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை! இனுலின் வேறு, இன்சுலின் வேறு! ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இன்சுலின் என்பது மருந்து. நம் கணையத்தில் சுரப்பது. 1921-ம் ஆண்டு கனடாவில் பிரித்தெடுக்கப்பட்டது. கணையத்தில் தீவு தீவாக இருக்கும் திசுக்களில் அது சுரப்பதால், தீவு என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து அந்தப் பெயர் வந்தது. இனுலின் வெறும் நார். அதைக் காட்டி, "இன்சுலின் பவுடர் வந்திருக்கிறது, ஊசி தேவை இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பவே கூடாது. ஊசியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

வயிற்றுக்குள்

சர்க்கரையை நாம் தின்றால் குடல் அதை உடைக்கிறது. உடனே ரத்தத்தில் ஏறுகிறது. இனுலினை உடைக்க நம் உடம்பில் நொதி இல்லை. அது உடையாமல் பெருங்குடல் வரைக்கும் போகிறது. அங்கே கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் காத்திருக்கின்றன. அவை அதைத் தின்று பெருகுகின்றன. குடலுக்கு நன்மை செய்யும் அமிலங்களைக் கொடுக்கின்றன. மலச்சிக்கல் குறைகிறது. இப்படி நல்ல கிருமிகளுக்குத் தீனியாகும் பொருளுக்கு 1995-ம் ஆண்டு விஞ்ஞானிகள் வைத்த பெயர்தான் பிரீபயாடிக். பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அது இதுதான்.

கிருமிகள் தின்னும்போது காற்றும் உண்டாகும். கொள்ளு, மொச்சை தின்றால் வயிறு பொருமுகிறதே, காரணம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் ஒரேயடியாக அதிகம் சாப்பிட்டால் வயிறு உப்பும், வலிக்கும், சிலருக்குப் பேதியும் ஆகும். வயிறு அடிக்கடி கோளாறு செய்கிறவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஆக, பொருள் கெட்டது இல்லை. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது என்பதும் உண்மை. அப்படியானால் டீயில் சர்க்கரைக்குப் பதில் இதையே போட்டுக் குடிக்கலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கரண்டிக் கணக்கு

ஒரு சின்னக் கரண்டி சர்க்கரை 4 கிராம். கிராமுக்கு 4 கலோரி. மொத்தம் 16 கலோரி.

இந்த நாருக்குக் கிராமுக்கு 2 கலோரிதான். பாதி! கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இனிப்பு? சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு கரண்டிச் சர்க்கரையின் இனிப்பு வேண்டும் என்றால் மூன்று கரண்டி நார் போட வேண்டும். அது 12 கிராம். 24 கலோரி. சர்க்கரையை விட அதிகம்! நாலு டீ குடித்தால் 48 கிராம் நார் உள்ளே போய்விடும். வயிறு சும்மா இருக்குமா?

இது கம்பெனிக்காரர்களுக்கும் தெரியும். அதனால்தான் நாரோடு வேறு ஒன்றைச் சேர்க்கிறார்கள். சீனித்துளசிச் சாறு, அல்லது சுக்ரலோஸ் போன்ற செயற்கை இனிப்பு. இனிப்பைக் கொடுப்பது அது. கூடையை நிரப்புவது நார். உடம்பு எடையைக் குறைப்பதற்காக இப்படிப்பட்ட இனிப்புகளைச் சாப்பிட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ம் ஆண்டு ஆலோசனை சொன்னது. அதில் சீனித்துளசியும் அடக்கம். ஏற்கெனவே சர்க்கரை வியாதி உள்ளவர்களை மட்டும் அந்த ஆலோசனையில் சேர்க்கவில்லை. அவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிஸ்கோத்துக்கு வருவோம். சர்க்கரையை எடுத்துவிட்டார்கள். சரி. மைதாவை எடுத்தார்களா? இல்லை! மைதா வயிற்றுக்குள் போனதும் சர்க்கரையாகத்தான் மாறுகிறது. சில பாக்கெட்டில் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒரு பொருள் இருக்கும். அது மாவுப்பொருளில் இருந்து செய்வது. இனிப்பு தெரியாது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை விறுவிறு என்று ஏற்றும். 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லை என்றால் "சுகர் ஃப்ரீ" என்று போட்டுக்கொள்ளலாம் என்பது சட்டம். மைதாவைப் பற்றி அந்த வார்த்தை ஒன்றும் சொல்லாது. "சக்கரை இல்லாத பிஸ்கோத்துதானே" என்று மாமியார் பாக்கெட்டையே காலி செய்தால், மறுநாள் ரத்தப் பரிசோதனையில் உண்மை தெரியும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மாத்திரை அல்லது ஊசி போடுகிறவருக்குச் சில சமயம் சர்க்கரை திடீர் என்று குறைந்துவிடும். வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். அப்போது உடனே சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோ கொடுக்க வேண்டும். பதற்றத்தில் இந்த நார் இனிப்பைக் கரைத்துக் கொடுத்தால் பலன் இருக்காது. இனிக்கும், ஆனால் ரத்தத்தில் ஏறாது! நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். இதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை பணம் கொடுத்து வாங்கும் இனுலின் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. பூண்டில் நிறைய இருக்கிறது. வெங்காயத்தில் அதை விடக் குறைவு. வாழைப்பழத்தில் துளி. கேழ்வரகு, கீரை, பயறு இவற்றில் வேறு வகை நார்கள் இருக்கின்றன. குடலில் உள்ள கிருமிகளுக்கு அவையும் தீனிதான். (கேழ்வரகுக் களியையும் சர்க்கரை வியாதிக்காரர் அளவோடுதான் சாப்பிட வேண்டும். கூழ் குடித்தால் ஏறாது என்று சிலர் சொல்வது தப்பு.) சிக்கரி கலந்த காப்பி குடித்தால் போதாதா என்று கேட்பீர்கள். ஒரு டம்ளர் காப்பியில் வரும் நார் ஒரு கிராம் கூடத் தேறாது. அதில் போடும் இரண்டு கரண்டிச் சர்க்கரைதான் முன்னால் நிற்கும்.

தமிழ் எங்கே?

உணவுப் பாக்கெட்டில் என்ன எழுத வேண்டும் என்று மத்திய அரசின் 2020-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. இங்கிலீஷிலோ, இந்தியிலோ எழுத வேண்டும். வேறு மொழியையும் சேர்த்துக்கொள்ளலாம், தடை இல்லை. அவ்வளவுதான். தமிழ் கட்டாயம் இல்லை.

கடை வாசலில் தொங்கும் பெயர்ப் பலகையில் தமிழ் பெரிதாக இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் கடையின் பெயரைப் படிக்காததால் யாருக்கும் சர்க்கரை ஏறிவிடாது. உள்ளே விற்கும் பாக்கெட்டைப் படிக்காவிட்டால் ஏறும். வெளியே தமிழ் கட்டாயம், உள்ளே கட்டாயம் இல்லை என்றால் இது என்ன நியாயம்?

1990-களில் அறிவொளி இயக்கம் நடந்தது. ராத்திரியில் விளக்கு வைத்துக்கொண்டு நம் தாய்மார்கள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். ஏமாறாமல் இருக்கத்தான் படித்தார்கள். அவர்களுடைய கையில் இங்கிலீஷ் பாக்கெட்டைக் கொடுத்தால், படித்த படிப்பு எதற்கு உதவும்?

பத்து வரியும் வேண்டாம். நாலு வரி போதும். சர்க்கரை எவ்வளவு? மைதாவும் மாவுப்பொருளும் எவ்வளவு? நார் எவ்வளவு, அது எந்தச் செடியில் இருந்து வந்தது? ஒரு நாளைக்கு எத்தனை பிஸ்கோத்துக்கு மேல் கூடாது? இவற்றைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் தமிழில் போட வேண்டும். காப்பித் தூள் பாக்கெட்டைப் பாருங்கள். காப்பி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று போட்டே ஆக வேண்டும் என்று விதி வந்தது. கம்பெனிகள் போடத்தானே செய்கின்றன?

தமிழக அரசு இதை மத்திய அரசிடம் கேட்டு வாங்க வேண்டும். அதுவரைக்கும் கம்பெனிக்காரர்கள் தாங்களாகவே செய்யலாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர்கள் கொடுக்கும் விளம்பரம் எல்லாம் நல்ல தமிழில்தான் வருகிறது. பாக்கெட்டின் பின்பக்கத்திலும் அதே தமிழை அச்சடிக்கட்டும்.