கெர்னலுக்கு எல்லாம் தெரியுமாம்!

"பேஜ் கேஷைத் தாண்டிக் குதிக்காதே, எல்லாம் கெர்னல் பாத்துக்கும்"னு இன்னும் ஜல்லியடிக்கிற நண்பர்களுக்கு இந்தப் பதிவு சமர்ப்பணம்.

இந்தக் கட்சிக்குத் தலைவர் சாதாரண ஆள் இல்லீங்க, லினஸ் டோர்வால்ட்ஸேதான். ஓ-டைரக்ட் வசதி லினக்ஸ் 2.4.10-ல, 2001-ல வந்துச்சு. 2007 ஜனவரியில மனுஷன், இதுக்கு ஒரு நியாயமும் கிடையாது, ஃபேட்வைஸ், மேட்வைஸ்னு கெர்னலுக்குக் குறிப்பு குடுத்தாப் போதும்னு பொரிஞ்சு தள்ளினார்.

பாதி சரிதான். ஓ-டைரக்ட் பாக்க சகிக்காது. பஃபர் முகவரி, நீளம், ஆஃப்செட் மூணும் டிஸ்க்கோட பிளாக் அளவுக்கு (512 பைட்டோ, 4096 பைட்டோ) ஒழுங்கா உக்காரணும். இல்லேன்னா பெரும்பாலும் பிழைதான். ரீட்-அஹெட்டும் கிடையாது.

ஆனா டேட்டாபேஸ் கதை வேற. இன்னோடிபி தன் பஃபர் பூல்ல 16 கேபி பக்கங்களை வச்சிருக்கு. அதே பக்கம் கெர்னல் கேஷ்லயும் எதுக்கு? ஒரே சரக்குக்கு ரெண்டு குடோன், வாடகை நம்ம ராம்! எந்தப் பக்கம் திரும்ப வேணும்னு பி-ட்ரீயைக் கையில வச்சிருக்கிறவனுக்குத் தெரியுமா, வெறும் பைட்டைப் பாக்கிற கெர்னலுக்குத் தெரியுமா?

சரி, கெர்னலை நம்பினவங்க கதை? போஸ்ட்கிரெஸ்காரங்க நம்பினாங்க. 2018-ல குட்டு வெளிப்பட்டுச்சு. டிஸ்க்ல எழுதும்போது பிழை வந்தா, லினக்ஸ் அந்தப் பக்கத்தை 'சுத்தம்'னு குறிச்சுடும். அடுத்த எஃப்சிங்க் 'வெற்றி'ன்னு திரும்பும். டேட்டா? போயே போச்சு. கடைசியில, எஃப்சிங்க் தோத்தா சர்வரையே விழவச்சு லாக்ல இருந்து மீட்கிற மாதிரி மாத்தினாங்க. நேரா எழுதினா, எழுதினவன் கையிலேயே பிழை வந்து சேரும்.

உடனே உங்க ஸ்கிரிப்ட்ல ஓ-டைரக்ட் போட்டுடாதீங்க சாமிகளா! சொந்தக் கேஷ் இல்லாதவன் போட்டா ஆமை வேகம்தான். அது எஃப்சிங்க்குக்கு மாற்றும் இல்ல. டிஸ்க்குக்குள்ளேயே இன்னொரு கேஷ் இருக்கு, மறந்துடாதீங்க.

என் வாதம் இதுதான்: ஓ-டைரக்ட் அசிங்கம்னா அதைச் சீர்பண்ணுங்க. தேவையே இல்லைன்னு சொல்லாதீங்க. மைஎஸ்க்யூஎல் 8.4 (2024) லினக்ஸ்ல இதையே டீஃபால்ட் ஆக்கிடுச்சு. போஸ்ட்கிரெஸே 16-ல (2023) சோதனைக்குன்னு ஒரு செட்டிங் வச்சிருக்கு.

கெர்னல் பாத்துக்கும்னு சொல்றவங்க, அந்த 2018 டேட்டாவுக்கு மொதல்ல பதில் சொல்லிட்டு வாங்க. பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு.