பகலில் அளந்து இரவில் இரைவதோ?

மின்சாரம் வேண்டாமென்று எந்த விவசாயியும் கூறவில்லை. மின்னிலையத்துக்கு நீர் வேண்டும் என்பதையும், அந்நீர் உப்பும் கசடும் நீங்கியே கொதிகலத்துட் புகவேண்டும் என்பதையும் எவரும் மறுக்கவில்லை. ஆனால், அந்நீரைச் சுத்திகரிக்கும் பம்பிகளும் காற்றூதிகளும் இரவு பகலாய் எழுப்பும் இரைச்சலை அளப்பவர் யார்? எவ்வேளையில் அளக்கின்றார்? எவ்விடத்தில் நின்று அளக்கின்றார்?

புகைபோக்கி எல்லோர் கண்ணிலும் படும். ஓரத்திலுள்ள சுத்திகரிப்புக் கொட்டகையை ‘துணைக்கருவி’ என்று அறிக்கையில் ஒரு வரியில் ஒதுக்கிவிடுதல் எளிது. சட்டமோ அவ்வாறு ஒதுக்கவில்லை. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 1996 இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள், பிரதேச சபைப் பகுதிகளைக் குறைந்த இரைச்சற் பிரதேசங்களாகக் கொண்டு, காணியின் எல்லையில் பகலுக்கு 55 டெசிபெல், மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என வரம்பிட்டன.

கணக்கைப் பாருங்கள். ஒரு பம்பி ஒரு மீற்றர் தூரத்தில் 85 டெசிபெல் இரைகின்றது என வைத்துக்கொள்வோம். தடுப்பில்லா வெளியில் தூரம் பத்து மடங்காகுந்தோறும் 20 டெசிபெல் குறையும். ஆகவே நூறு மீற்றரில் 45. அத்தகைய பம்பிகள் நான்காயின் 6 கூடி 51. பகலில் அளந்தால் ‘வரம்புக்குள்’ என்று முத்திரை விழும். அதே 51 இரவில் சட்டமீறல்! கருவி ஒன்றே, ஒலியும் ஒன்றே. அளந்த வேளையன்றோ தீர்ப்பை மாற்றுகின்றது?

சுன்னாகத்தில் மின்னிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரை மாசுபடுத்திய வழக்கில், கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமென 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண்ணெய் கிணற்றில் தடயம் விட்டுச்சென்றது. இரைச்சலோ விடிந்ததும் தடயமின்றி மறையும். கெட்ட உறக்கத்துக்குச் சாட்சி சொல்லக் கிணறு வாராது. அவ்வேளையிலேயே எடுத்த அளவீடு ஒன்றே சான்று.

ஆகையால் நாம் கேட்பது இதுவே: எல்லாப் பம்பிகளும் ஓடும் நள்ளிரவில் அளவிடுக. அவற்றை நிறுத்திச் சூழலின் இயல்பொலியையும் அளவிடுக. காணி எல்லையிலும் அண்மையிலுள்ள வீட்டு வாயிலிலும் அளவிடுக. கம்பனியிடம் கூலி பெறாதவர், ஊரார் முன்னிலையில் அளந்து, முடிவைத் தமிழில் வெளியிடுக. வரம்பு மீறின், பம்பியைச் சுவரால் மூடுக. காற்றூதிக்கு ஒலியடக்கி பூட்டுக. அடியில் அதிர்வு தாங்கும் இறப்பர் வைக்குக.

இவற்றைக் கேட்போரை அபிவிருத்தியின் பகைவர் என்பார் சிலர். விடியுமுன் தோட்டத்தில் இறங்கும் உழவன் இரவில் உறங்குதல் எந்த அபிவிருத்திக்குப் பகை? நாம் கேட்பது சலுகையன்று, எழுதிவைத்த சட்டம்.