கல் எழும்பினால் ஊர் எழும்பியதாகுமா?

யுத்தத்தால் பாழான பழைய பட்டணங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்கின்ற பேச்சு இப்பொழுது எங்கும் பலமாய் அடிபடுகின்றது. கோட்டை மதிலைச் செப்பனிடுகிறார்கள். மணிக்கூண்டுக்கு வர்ணம் அடிக்கிறார்கள். மந்திரி வந்து கல்வெட்டைத் திறந்து மாலை வாங்கிக்கொண்டு போகிறார். மறுநாள் பத்திரிகைகள் "பட்டணம் உயிர்பெற்றது" என்று எழுதுகின்றன. யாருக்கு உயிர்பெற்றது என்று கேட்பாரைத்தான் காணோம். ஆதலால் நாம் கேட்க வேண்டியவர்களாய் இருக்கின்றோம்.

செங்கற்பட்டுப் பக்கத்துத் தோழர்கள் இதற்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாமல்லபுரத்திலிருந்து கடலோரமாய்த் தெற்கே போனால் சதுரங்கப்பட்டினம். டச்சுக் கம்பெனிக்காரன் அங்கே கோட்டை கட்டிக்கொண்டு, நம் நெசவாளிகள் நெய்த மெல்லிய துணியைக் கப்பலேற்றிப் பணம் குவித்தான். 1780ல் ஹைதர் அலியின் படை வந்தது. பொள்ளிலூரில் கம்பெனிப் படை அழிந்ததும், மன்றோ என்னும் வெள்ளைத் தளபதி காஞ்சிபுரத்தில் தன் கனத்த பீரங்கிகளைக் கோவில் குளத்திலே தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்கு ஓடினான். (பாவத்தை ஏற்கும் தீர்த்தம் பீரங்கியையும் ஏற்றுக்கொண்டது போலும்!) 1781ல் இங்கிலீஷ்காரர்கள் சதுரங்கப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1782 பிப்ரவரியில் அந்தக் கடலிலேயே இங்கிலீஷ் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் சுட்டுக்கொண்டன. இவற்றில் எந்தச் சண்டைக்கும் நெசவாளியோ உழவனோ காரணமல்ல. ஆனால் பட்டினி கிடந்தவர்களும் ஊரைவிட்டு ஓடினவர்களும் அவர்களே.

இன்று அந்தக் கோட்டையைத் தொல்பொருள் இலாகா காத்து வருகின்றது. உள்ளே டச்சுக்காரர்களின் கல்லறைகள் எழுத்துச் சித்திரங்களோடு பத்திரமாய் இருக்கின்றன. துணி ஏற்றிய துறைமுகம் எங்கே? கல்பாக்கத்து அணுமின் நிலையத்தை அடையாளம் சொன்னால்தான் வெளியூரானுக்கு இன்று அந்த ஊர் விளங்குகின்றது. செத்த வெள்ளைக்காரனுக்கு விலாசம் இருக்கிறது; துணி நெய்து கொடுத்தவனுக்கு இல்லை. இதற்குப் பெயர் புதுப்பித்தலா?

"எல்லாம் விதி, கலி முற்றிவிட்டது" என்று நம் வைதிகர்கள் இதற்கும் சமாதானம் சொல்லக்கூடும். பீரங்கிக்கு மருந்து கிட்டித்தவன் மனிதன். திரி வைத்தவனும் மனிதன். அழித்தவன் மனிதனானால் திருப்பிக் கட்டவேண்டிய பொறுப்பும் மனிதனுடையதே அல்லவா?

நிற்க, மனிதன் கட்டியதிலும் ஒரு சங்கதி உண்டு. போலந்து தேசத்து வார்சா நகரத்தின் பழைய பட்டணத்தை 1944ல் ஜெர்மானியர் தரைமட்டமாக்கினார்கள். போலந்துக்காரர்கள் பழைய ஓவியங்களைக்கூடப் பார்த்து அதை இருந்தபடியே கட்டி எழுப்பினார்கள். உலகமே மெச்சிற்று, நாமும் மெச்சுகிறோம். ஆயினும் யுத்தத்துக்கு முன் அந்நகரில் பத்துப் பேரில் மூன்று பேர் யூதர்களாய் இருந்தார்கள். வீடுகள் திரும்பி வந்தன. கொல்லப்பட்ட யூதர்கள் எப்படித் திரும்பி வருவார்கள்?

இனி, உயிரோடிருந்தும் திரும்ப முடியாதவர்களைப் பற்றிச் சொல்லுவோம். அதே டச்சுக் கம்பெனி அய்ந்து மூலையாய்க் கட்டிய பெருங்கோட்டை ஒன்று யாழ்ப்பாணத்தில் இருக்கின்றது. 1990 முற்றுகையில் அது சிதைந்தது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த பிறகு நெதர்லாந்து சர்க்காரின் உதவியோடு செப்பனிடும் வேலை நடந்தது. 2023ல் இந்திய சர்க்காரின் செலவில் கட்டிய கலாசார மண்டபமும் திறக்கப்பட்டது. அதற்குப் பக்கத்தில்தான் பொதுநூலகம். சென்னைச் சிற்பி நரசிம்மன் வரைந்து 1959ல் திறந்த அக்கட்டடத்தை, 1981 மே 31 இரவு, குடிகளைக் காக்கச் சம்பளம் வாங்கும் போலீசாரும் காலிகளும் சேர்ந்து கொளுத்தினார்கள். சுமார் 97,000 புத்தகங்கள் சாம்பலாயின. எந்தச் சரஸ்வதியும் குறுக்கே வந்து தடுக்கவில்லை.

அந்நூலகத்தை மறுபடி கட்டி, 2003 பிப்ரவரியில் திறக்க நாள் குறித்தார்கள். அப்பொழுது மேயராய் இருந்தவர் தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து வந்த செல்லன் கந்தையன். விழா தடுக்கப்பட்டது, மேயரும் அங்கத்தினர்களும் ராஜினாமாச் செய்தார்கள். விடுதலைப் புலிகளின் அரசியலே காரணம் என்று சிலரும், திறப்புக் கல்லில் அவர் பெயர் வரக்கூடாதென்ற சாதித் திமிரே காரணம் என்று வேறு சிலரும் சொன்னார்கள். 1968ல் மாவிட்டபுரம் கோவில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்களை மறித்து நின்ற நாட்டில், இரண்டாவது காரணத்தைச் சந்தேகிப்பவர்மேல் நாம் கோபித்துக்கொள்ள முடியுமா?

மற்றொன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். தமிழர் கண்ணுக்குச் சிங்களவர் செய்த அக்கிரமம் மட்டும் தெரிந்தால் போதாது. 1990 அக்டோபர் 30ந் தேதி, யாழ்ப்பாணப் பட்டணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்தில் ஊரைக் காலிசெய்ய வேண்டுமென்று விடுதலைப் புலிகள் உத்தரவு போட்டார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து 70,000 பேருக்குமேல் துரத்தப்பட்டார்கள். கடைவீதியில் தையற்காரராயும் இரும்புக் கடைக்காரராயும் தமிழே பேசி வாழ்ந்த அவர்கள், உடுத்த துணியோடு போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். அநேகர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாயிற்று. அங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள்.

"பழைய புண்ணைக் கிளறாதே, இப்பொழுது ஒற்றுமை வேண்டும்" என்று சில தேசபக்தர்கள் நமக்குப் புத்தி சொல்லுவார்கள். துரத்தப்பட்டவன் வெளியே நிற்க, துரத்தினவன் உள்ளே உட்கார்ந்துகொண்டு ஒற்றுமை பேசுவது நமக்கு விளங்கவில்லை. பட்டணத்தைப் புதுப்பிக்கக் கூட்டம் போடுகின்றவர்கள் ஒரு கூட்டத்தையாவது புத்தளத்தில் போடட்டும். சோனகத் தெருவில் எந்த வீடு எவருடையது, அதில் இப்பொழுது இருப்பது யார், திரும்பிவரப் பிரியப்படுகின்றவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குக் கூரை போடப் பணம் எவ்வளவு வேண்டும் என்று முதலில் கணக்கெடுக்கட்டும். மணிக்கூண்டுக்கு வர்ணம் அதற்குப் பிறகு அடித்துக்கொள்ளலாம்.