குறைந்தபட்ச ஊதிய உயர்வும் தையல் கூலியும்: ஜாப் ஒர்க் யூனிட் உரிமையாளர்களின் நிலைப்பாடு

திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் ஜாப் ஒர்க் முறையில் தைத்துக் கொடுக்கும் சிறு யூனிட்டுகளின் உரிமையாளர்கள் நாங்கள். துணி எங்களுடையது இல்லை, பிராண்டும் எங்களுடையது இல்லை. வெட்டிய துணி கட்டுக்கட்டாக வந்து இறங்குகிறது. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று மெஷின் மாறி மாறி ஏறி, செக்கிங் முடிந்து, சட்டையாகத் திரும்பிப் போகிறது. பீஸுக்கு இவ்வளவு என்று கிடைக்கும் தையல் கூலிதான் எங்கள் வருமானம். வாடகை, கரண்ட் பில், மெஷின் தவணை, சனிக்கிழமைச் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும்.

குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தும் பேச்சு எழும்போதெல்லாம், “சிறு தொழில் தாங்காது” என்ற வாதமும் கூடவே எழுகிறது. அதைச் சொல்பவர்களில் பலர் சிறு தொழில் செய்பவர்கள் அல்லர். எங்கள் பெயரைச் சொல்லி மற்றவர்கள் வாதாடுவதால், எங்கள் நிலையை நாங்களே சொல்லியாக வேண்டியிருக்கிறது.

எங்கள் நிலைப்பாடு

குறைந்தபட்ச ஊதிய உயர்வை நாங்கள் ஆதரிக்கிறோம். சிறு யூனிட்டுகளுக்கு விலக்கோ, குறைந்த விகிதமோ வேண்டும் என்று கேட்கவில்லை. ஊதியம் உயரும்போது தையல் கூலியும் அதே தேதியில், அதே அளவுக்கு உயர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. தொழிலாளிக்குத் தரும் உயர்வைச் சட்டம் கட்டாயமாக்குகிறது. எங்களுக்கு வர வேண்டிய உயர்வு கம்பெனியின் விருப்பத்தைப் பொறுத்திருக்கிறது. சிக்கல் இந்த இடத்தில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது

1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தை முதலாளிகள் எதிர்த்தபோது, உச்ச நீதிமன்றம் தெளிவான பதிலைத் தந்தது. கேரளத்து ஓட்டு ஆலை முதலாளிகள் தொடுத்த உண்ணிச்சோயி வழக்கில், முதலாளியால் கட்டுப்படியாகுமா என்பது குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிப்பதில் கணக்கில் வராது என்று உச்ச நீதிமன்றம் 1961-இல் தீர்ப்பளித்தது. குறைந்தபட்ச ஊதியத்தை விடக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்புக்குச் சமம் என்று, 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் கூறியது.

ஊதியத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு அதற்கு அளவுகோல் வகுத்தது. ஒரு குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகுகள், அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருளுக்கும் பிற செலவுக்கும் 20 சதவீதம் என்பது அந்தக் கணக்கு. சென்னை ஆலை ஒன்றில் எழுந்த ரெப்டகாஸ் பிரெட் வழக்கின் 1991 தீர்ப்பில், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், முதுமை, திருமணம் போன்றவற்றுக்காக இன்னொரு 25 சதவீதத்தை உச்ச நீதிமன்றம் சேர்த்தது. எங்கள் மெஷினில் உட்கார்ந்து தைப்பவருக்கும் இந்தச் செலவுகள் அத்தனையும் உண்டு. இதில் எதை வெட்டச் சொல்வது?

இப்போது அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு மேற்படாத இடைவெளியில் ஊதியத்தைத் திருத்த வேண்டும் என்ற விதி இதிலும் தொடர்கிறது. குறைத்துக் கொடுத்தால் அபராதம் 50,000 ரூபாய் வரை போகலாம்.

ஆயிரம் ரூபாய் உயர்வின் உண்மையான செலவு

கணக்கை மறைக்காமல் வைக்கிறோம். ஒரு தொழிலாளிக்கு மாதம் 1,000 ரூபாய் உயர்த்தினால் செலவு அந்த ஆயிரத்தோடு நிற்பதில்லை. 15,000 ரூபாய்க்கு உட்பட்ட சம்பளத்தில் பி.எஃப்.புக்கு நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 13 சதவீதம், அதாவது 130 ரூபாய். இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம் என்ற கணக்கில் 32.50 ரூபாய். குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம் என்றால் 83.30 ரூபாய். பணிக்கொடைக்கு ஒதுக்க வேண்டியது ஏறத்தாழ 48 ரூபாய். மொத்தம் 1,294 ரூபாய்.

இருபது பேர் வேலை செய்யும் யூனிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாதம் கூடுதலாக 25,880 ரூபாய் தேவை. அந்த யூனிட் நாளொன்றுக்கு 1,000 டி-சர்ட் வீதம் 26 நாள் தைத்தால் 26,000 பீஸ். வகுத்துப் பார்த்தால், ஒரு டி-சர்ட்டுக்கு ஏறத்தாழ ஒரு ரூபாய்.

கடையில் நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் ஒரு டி-சர்ட்டின் விலையில் ஒரு ரூபாய் கூடினால் வாங்குபவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. பிராண்டின் கணக்கிலும் அது உறுத்தாது. அந்த ஒரு ரூபாய் எங்கள் தலையில் நின்றுவிட்டால் மாதம் 26,000 ரூபாய் நஷ்டம். இருபது மெஷின் வைத்திருப்பவர் குடும்பத்துக்கு எடுத்துப் போகும் காசே அதில் கரைந்துவிடும். சிறு தொழிலால் ஊதிய உயர்வைத் தாங்க முடியாது என்பது பாதி உண்மை. மீதியைச் சொல்ல வேண்டுமானால், அந்த ஒரு ரூபாயை மேலே அனுப்ப எங்களுக்கு வழியில்லை என்று சொல்ல வேண்டும்.

அந்த ஒரு ரூபாய் கிடைக்காதபோது என்ன நடக்கிறது என்பதும் ஊரறிந்ததுதான். ஒன்றரை ஷிப்ட் வழக்கமாகிவிடுகிறது. சட்டப்படி இரட்டிப்பாகத் தர வேண்டிய ஓவர்டைம் சம்பளம் சாதாரண விகிதத்திலேயே போகிறது. பி.எஃப். வரம்பு இருபது பேர் என்பதால் பதிவேட்டில் பத்தொன்பது பேரோடு யூனிட் நிற்கிறது. வேலை கூடினால் அடுத்த தெருவில் வேறு பெயரில் இன்னொரு யூனிட் முளைக்கிறது. மாதச் சம்பளக்காரர்களைக் காண்ட்ராக்ட் பீஸ் ரேட்டுக்கு மாற்றுகிறார்கள். தொழிலாளிக்கு இதில் இழப்பு மட்டுமே. உரிமையாளருக்கோ யூனிட்டை வளர்க்கவே பயம் வந்துவிடுகிறது.

விலக்கு ஏன் வேண்டாம் என்கிறோம்

ஆர்டர் கேட்டுப் போகும்போது எங்கள் போட்டி பெரிய கம்பெனியோடு இல்லை, பக்கத்து யூனிட்டோடுதான். நியாயமான சம்பளம் கொடுப்பவர் ஒரு விலை சொன்னால், சம்பளத்தைக் குறைத்தவர் ஐம்பது பைசா இறக்கிச் சொல்கிறார். ஆர்டர் அவருக்குப் போகிறது. அடுத்த முறை இவரும் இறக்குகிறார். சிறு யூனிட்டுகளுக்கு விலக்கு கொடுத்தால் இந்தப் பந்தயம் சட்டத்தின் ஆசியோடு நடக்கும். எல்லோருக்கும் ஒரே தரைவிலை இருந்தால்தான் நேர்மையாகத் தொழில் செய்பவர் நிலைக்க முடியும். குறைந்தபட்ச ஊதியம் தொழிலாளிக்கு அரண் என்பது எல்லோரும் அறிந்தது. அது எங்களுக்கும் அரண் என்பதே எங்கள் அனுபவம்.

தள்ளிப்போட்டதால் யாருக்கு லாபம்

தமிழ்நாட்டில் தையல் தொழிலுக்கான குறைந்தபட்ச ஊதியத் திருத்தம் 2004-க்குப் பிறகு பல ஆண்டுகள் வழக்கிலும் இழுபறியிலும் கிடந்தது. 2014-இல் அரசு புதிய அறிவிக்கை வெளியிட்டது. அதையும் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அறிவிக்கையை உறுதிசெய்தது. இடைப்பட்ட காலத்தில் அரிசி விலையும் வாடகையும் நின்றுகொண்டிருக்கவில்லை. அடிப்படை ஊதியம் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தால் தையல் கூலியிலும் சிறுகச் சிறுகக் கேட்டு வாங்கியிருக்கலாம். மொத்தமாக வந்து விழுந்த உயர்வை எந்தக் கம்பெனியும் மொத்தமாக ஏற்றுக்கொள்ளாது.

பக்கத்து நாட்டிலும் இதே பாடம் கிடைக்கிறது. வங்கதேசத்தில் ஆயத்த ஆடைத் தொழிலாளரின் குறைந்தபட்ச ஊதியம் 2018 டிசம்பரில் 8,000 டாக்கா ஆனது. அடுத்த உயர்வுக்கு ஐந்தாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2023 அக்டோபர், நவம்பர் மாதங்களில் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள், ஆலைகள் மூடப்பட்டன, உயிர்கள் போயின. கடைசியில் 12,500 டாக்கா என்று முடிவானது, ஒரே தாவலில் 56 சதவீதம். “கூலி ஏறினால் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடும்” என்று சொல்பவர்கள், அங்கேயும் கூலி ஏறாமல் நிற்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

நம் ஊரிலேயே நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. 2021-இல் பின்னலாடைத் தொழிலாளர்களுக்காக ஏற்பட்ட ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டுகளுக்கு 32 சதவீத உயர்வு பேசி முடிக்கப்பட்டது. முதல் ஆண்டு 19, அடுத்தடுத்து 5, 4, 4 என்று படிப்படியாக. அடுத்த ஆண்டு எவ்வளவு கூடும் என்பது முன்கூட்டியே தெரிந்தால் ஆர்டர் எடுக்கும்போதே விலையில் சேர்க்கலாம். பிரிட்டனில் ஏப்ரல் 1-இல் அமலாகும் குறைந்தபட்ச ஊதிய விகிதத்தை அதற்குப் பல மாதம் முன்பே அறிவித்துவிடுகிறார்கள். முதலாளி, தொழிலாளி, நடுநிலையாளர் மூவரும் உட்கார்ந்த ஆணையம் ஆண்டுதோறும் அதற்குப் பரிந்துரை செய்கிறது.

சுமை கீழேதான் இறங்குகிறது

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, அங்குள்ள வாங்குவோர் தள்ளுபடி கேட்டார்கள். ஏற்றுமதியாளர் அதில் ஒரு பங்கைத் தையல் கூலியில் கழித்தார். வரி வந்தாலும், நூல் விலை ஏறினாலும், டாலர் இறங்கினாலும் பேச்சு கடைசியில் பீஸ் ரேட்டில் வந்து முடிகிறது. நல்ல காலம் வரும்போது மட்டும் அது அதே வேகத்தில் மேலே ஏறுவதில்லை.

பணம் வரும் நாளும் அப்படித்தான். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டுவட்டி. 2023-24 நிதியாண்டு முதல் வருமான வரிச் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. கெடுவுக்குள் தராத தொகையை, தரும் வரை செலவாகக் காட்ட முடியாது. ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயத்தில் எங்களில் பெரும்பாலோர் வாய் திறப்பதில்லை. எங்கள் தொழிலாளிக்கோ வாரம் தவறாமல் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும். கம்பெனி மூன்று மாதம் கழித்துத் தரும் பணத்துக்காக இடையில் வட்டிக்கு வாங்கிச் சமாளிக்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள்

1. அரசு தலைமையில் கொள்முதல் கம்பெனிகள், ஜாப் ஒர்க் உரிமையாளர்கள், தொழிற்சங்கங்கள் மூவரும் சேர்ந்த முத்தரப்புக் குழு அமைய வேண்டும். குறைந்தபட்ச ஊதியம் எத்தனை ரூபாய் உயர்கிறதோ, அதற்கேற்ற தையல் கூலி உயர்வை அந்தக் குழு அதே அமலாக்கத் தேதியோடு அறிவிக்க வேண்டும்.

2. அடிப்படை ஊதியத் திருத்தம் ஐந்தாண்டு வரை காத்திருக்கக் கூடாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை நடத்தி, உயர்வைப் படிப்படியாக அமலாக்க வேண்டும்.

3. தமிழ்நாட்டில் அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1-இலும், முந்தைய ஜனவரி முதல் டிசம்பர் வரையான சென்னை நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் சராசரியை வைத்து மாறுகிறது. அந்த எண்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே கையில் வந்துவிடுவதால், புதிய விகிதப் பட்டியலைத் தொழிலாளர் துறை மார்ச் முதல் வாரத்துக்குள் தமிழில் வெளியிட வேண்டும்.

4. 45 நாள் கெடு மீறல்களை அரசு தானாக முன்வந்து விசாரிக்க வேண்டும். புகார் கொடுத்த யூனிட்டின் பெயர் வெளியே தெரியாத ஏற்பாடு வேண்டும்.

5. ஊதிய ஆய்வுக்கு வரும் அதிகாரி, யூனிட்டின் சம்பளப் பதிவேட்டோடு அந்த யூனிட்டுக்குக் கம்பெனி கொடுத்த பீஸ் ரேட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கட்டாத விலைக்கு ஆர்டர் கொடுத்தவருக்கும் பொறுப்பு உண்டு.

எங்கள் உறுப்பினர்கள் ஏற்கும் கடமை

கேட்பதோடு நிற்கவில்லை. எங்கள் சங்கத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் இவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறோம். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கும் நாளின் முடிவில் குறைந்தபட்ச ஊதியம் குறையக் கூடாது. கைமடி, செக்கிங் வேலைகளில் இருக்கும் பெண்களுக்கு, அதே வேலை செய்யும் ஆண்களுக்குத் தருவதைவிடக் குறைத்துத் தரக் கூடாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவருக்கும் உள்ளூர்க்காரருக்கும் ஒரே விகிதம்தான். சம்பளச் சீட்டு தொழிலாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கட்டாத தையல் கூலிக்கு உறுப்பினர் எவரும் ஆர்டர் எடுக்கக் கூடாது. எடுத்தால் சங்கம் அவருக்காகப் பேசாது.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊதியப் பேச்சுவார்த்தையில் உங்கள் எதிர்ப்பக்கம் எங்களை மட்டும் உட்கார வைக்காதீர்கள். விலையை முடிவுசெய்யும் கம்பெனியும் அந்த மேசைக்கு வந்தாக வேண்டும் என்று நீங்களும் சேர்ந்து கேளுங்கள். அரசுக்கும் கொள்முதல் கம்பெனிகளுக்கும் நாங்கள் சொல்வது ஒன்றுதான்: ஊதிய உயர்வுக்கு நாங்கள் தயார், பீஸுக்கு அந்த ஒரு ரூபாயைத் தர நீங்கள் முன்வாருங்கள்.