மதுரைக்கு டிமாண்ட் இல்லையாம்!

நேற்றுக் காலை மலைக்கோட்டை அடிவாரத்தில் நடந்துகொண்டிருந்தபோது பழைய மாணவர் ஒருவர், இப்போது நல்ல உத்தியோகத்தில் இருப்பவர், சொன்னார்: "சார், ஆள் இருந்தா பிளைட்டு தானா வரும். மதுரைக்கு வெளிநாட்டு விமானம் வரலேன்னா டிமாண்ட் இல்லேன்னு அர்த்தம்." அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். மூச்சு வாங்கியது. முப்பது வருஷம் வரலாறு நடத்தியவன், எழுத்தில் சொல்லிவிடுகிறேன்.

தம்பி, விமானத்துக்கு முன்னால் காகிதம் பறந்தாக வேண்டும். தலைக்கு மேலிருக்கும் வானம் அந்தந்த நாட்டுக்கே சொந்தம் என்று 1919-ல் பாரிஸில் எழுதிக்கொண்டார்கள். 1944 சிகாகோ உடன்படிக்கையிலும் அதுதான் முதல் விதி. அடுத்த நாட்டு நிறுவனம் நம் ஊரில் வந்து இறங்க நம் அரசு ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து இன்றுவரை அதே கதைதான்.

டாட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். நெவில் வின்சென்ட்டும் அவரும் சேர்ந்து 1929-ல் தபால் விமானம் விடுகிறோம் என்று கேட்டார்கள். வெள்ளைக்கார அரசு மூன்று வருஷம் இழுத்தது. மானியம் கிடையாது, சுமக்கிற தபாலுக்குக் கூலி என்று கடைசியில் இறங்கி வந்தார்கள். 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாட்டா ஒற்றை எஞ்சின் 'பஸ் மாத்' விமானத்தைக் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்கு ஓட்டிவந்தார். அங்கிருந்து வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். ஜுஹு அப்போது வெறும் மண் தரை. மழைக்காலத்தில் சேறாகிவிடும், பூனாவுக்கு ஓட வேண்டும். கராச்சியிலிருந்து கிழக்கே போகிற பெரிய பாதை யாருக்குப் போனது தெரியுமா? அதற்காக 1933-ல் உருவான கம்பெனியில் இம்பீரியல் ஏர்வேஸுக்கு 51 சதவீதம், இந்திய அரசுக்கு 24. டிமாண்ட் பார்த்தா பிரித்தார்கள்?

வெள்ளைக்காரன் போய்விட்டான், பட்டியல் போகவில்லை. 2012-ல் திருச்சி, கோவை உட்பட ஐந்து ஊர்களுக்குப் பன்னாட்டு விமான நிலையத் தகுதி கொடுத்தார்கள். மதுரை அதில் இல்லை. 2017-ல் விஜயவாடா, திருப்பதி. 2020-ல் உத்தரப் பிரதேசத்துக் குஷிநகருக்கு அந்தத் தகுதி கொடுத்தபோது அங்கே விமான நிலையமே திறக்கப்படவில்லை. திறந்தது 2021 அக்டோபரில். அங்கே எந்த டிமாண்டை எண்ணினார்கள் என்று என் மாணவர் சொல்லட்டும்.

அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை வேறு. வளைகுடா நாடுகளோடு போட்ட விமான சேவை ஒப்பந்தங்களில் அவர்களுடைய விமானங்கள் எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்று பட்டியல் உண்டு. அமீரகத்தோடு போட்ட பட்டியலில் மதுரை சேர்க்கப்படவில்லை. கேட்டால், "இந்திய நிறுவனங்கள் எங்கிருந்தும் பறக்கலாமே" என்று டெல்லியில் பதில் சொல்கிறார்கள். அந்த நிறுவனங்கள் இஷ்டத்துக்கு வரும், நிறுத்தும். போட்டிக்கு ஆளில்லாத கடையில் விலை எப்படி இருக்கும் என்பது நம் சந்தைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

ஓடுதளம் சின்னது என்பார்கள். 7,500 அடி, பெரிய ஜம்போவுக்குப் போதாதுதான். ஆனால் மதுரையிலிருந்து துபாய்க்கு போயிங் 737 பறந்ததே, அதே தளத்தில்தானே ஓடி மேலே எழும்பியது?

நியாயமாகச் சொன்னால் திண்டுக்கல் டவுன்காரருக்கு இது பெரிய கஷ்டமில்லை. மணப்பாறை வழியாகத் திருச்சிக்கு இரண்டு மணி நேரம். கஷ்டம் தேனிக்காரருக்கு, ராமநாதபுரத்துக்காரருக்கு. அப்புறம் நிலக்கோட்டைப் பூவுக்கு. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி நம் நிலக்கோட்டைத் தோட்டங்களிலும்தான் பூக்கிறது. விடியுமுன் பறித்த மொட்டு ராத்திரியில் விரிந்துவிடும். பக்கத்தில் இருக்கிற மதுரையை விட்டுவிட்டு ஐஸ் பெட்டியில் வேனில் ஏற்றி வேறு ஊர் விமான நிலையத்துக்கு ஓட்டுகிறார்கள். என்னிடம் படித்த பையன் ஒருவன் அந்த வேன் ஓட்டுகிறான். லேட்டானால் சரக்கு குப்பை, அன்றைய வாடகையும் போச்சு என்கிறான்.

அடுத்த முறை நம் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், "மதுரைக்கு என்ன செய்தீர்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள்; சிரித்துவிட்டுப் போய்விடுவார். "எந்த நாட்டு ஒப்பந்தத்தில் மதுரைப் பெயரைச் சேர்க்கச் சொல்லி, எந்தத் தேதியில் எழுதிக் கொடுத்தீர்கள்? நகலைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நான் கேட்கப் போகிறேன்.