கூண்டில் மிஞ்சும் பூனைகள்

சென்னையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் தத்தெடுப்பு முகாம்களுக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும். நல்ல குட்டிகளாக இருந்தால் மதியத்துக்குள் எல்லாம் போய்விடும். இரண்டு மாத வயது, பளிச்சென்று இரண்டு கண், வெள்ளையோ ஆரஞ்சோ கலந்த நிறம் என்றால் ‘எனக்கு, உனக்கு’ என்று ஆள் வரும். சாயங்காலம் கூண்டோடு திரும்பிப் போவது யார் என்று பாருங்கள். ஒரு கண் தைத்து மூடப்பட்டது, நடந்தால் தள்ளாடுவது, பின்னங்காலை இழுப்பது, வயதானது, கை நீட்டினாலே சீறுவது. காப்பகங்களில் இவற்றை ‘ஸ்பெஷல் நீட்ஸ்’ பூனைகள் என்பார்கள். பார்க்க வருகிறவர்கள் “ஐயோ பாவம்” என்று சொல்லிவிட்டு அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுவார்கள்.

பாவம் பார்த்து யாரும் இவற்றை எடுத்துக்கொண்டு போக வேண்டாம் என்றே சொல்வேன். பாவம் பார்க்கும் மனசு ஒரு வாரத்தில் களைத்துப்போகும். இந்தப் பூனைகளில் பெரும்பாலானவை கேட்பது ஒரு வீட்டில் தினமும் தவறாமல் நடக்கும் சில சின்ன வேலைகளை. அதே நேரம், அதே இடம், அதே கை. நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமக்கும் காப்பகத்தால், எவ்வளவு நல்ல மனிதர்கள் நடத்தினாலும், அதைத் தர முடியாது. சாதாரணக் குடும்பம் ஒன்றால் முடியும்.

கண் போன பூனைகளைப் பாருங்கள். தெருவில் பிறக்கும் குட்டிகளுக்கு வரும் சளிக்காய்ச்சலுக்குப் பூனைகளுக்கே உரிய ஹெர்பிஸ் வைரஸ் ஒரு முக்கியக் காரணம். மூக்கு ஒழுகும், இமைகள் பீளை கட்டி ஒட்டிக்கொள்ளும், கண்ணின் முன்பக்கம் இருக்கும் கண்ணாடிப் படலத்தில் புண் விழும். வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட ஆளிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய எத்தனையோ கண்கள், ஆளில்லாமல் போய்விடுகின்றன. போன பிறகு அந்தப் பூனைக்கு என்ன வேண்டும்? சோபா இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணமும் மணல் தட்டும் இடம் மாறக் கூடாது. தூக்குவதற்கு முன் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பால்கனிக்கு வலை அடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

என் தோழி வீட்டில் இரண்டு கண்ணும் இல்லாத பூனை ஒன்று இருக்கிறது. ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் கூடத்திலிருந்து நேராகச் சமையலறைக்கு வரும். மேடை மேல் தாவுவதற்கு முன் பின்னங்காலில் நின்று, முன்னங்காலால் விளிம்பைத் தொட்டுப் பார்க்கும். தொட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் தாவும். வீட்டுக்கு வருகிறவர்கள் பலருக்கு அதற்குக் கண்ணில்லை என்பதே சொன்னால்தான் தெரிகிறது.

தள்ளாடும் பூனைகள் இன்னொரு வகை. தாய் கருவுற்றிருக்கும்போது பேன்லூக்கோபீனியா வைரஸ் தொற்றினால், வயிற்றிலிருக்கும் குட்டிகளின் சிறுமூளை முழுதாக வளராமல் போய்விடும். உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்வது சிறுமூளை. அதனால் குட்டி கால்களை அகட்டி வைத்து நடக்கும், திரும்பும்போது சாயும், சாப்பாட்டுக் கிண்ணத்தை நெருங்க நெருங்கத் தலை ஆடும். பார்ப்பவர்களுக்கு வலிப்போ பக்கவாதமோ என்று தோன்றும். உண்மையில் இதில் வலி கிடையாது, நாளாக ஆக முற்றுவதும் கிடையாது. லேசான பாதிப்பு என்றால் மற்றப் பூனைகளைப் போலவே முழு ஆயுள் வாழும். நம் வீடுகளின் வழுவழுப்பான டைல்ஸ் தரைதான் அதற்குப் பெரிய எதிரி. நடமாடும் இடங்களில் நகம் ஊன்றக் கோணியோ மிதியடியோ விரித்துவிட்டு, கவிழாத கனமான கிண்ணத்தைக் கொஞ்சம் உயரத்தில் வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

உடம்பில் குறை இல்லாமல் குணத்தில் குறை என்று ஒதுக்கப்படும் பூனைகளைப் பற்றித்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். பூனைக்குட்டி மனிதர்களோடு பழகக் கற்றுக்கொள்ளும் பருவம் ஏறக்குறைய இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை. அந்த வாரங்களில் மனிதக் கை படாமல் வளர்ந்தது, பிறகு ஆளைக் கண்டால் ஒடுங்கும். அதைக் கொண்டுவந்து நாய்கள் குரைக்கும் இடத்தில் கம்பிக் கூண்டில் வைத்தால் சீறாமல் என்ன செய்யும்? ‘கடிக்கிற பூனை’ என்று அட்டையில் எழுதிவிட்டால் அதோடு கதை முடிந்தது.

நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒரு பாதிக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள், மறு பாதிக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்தவை சில நாட்களிலேயே பதற்றம் தணிந்தன. வெறும் பெட்டிக்கு அவ்வளவு பலன் என்றால் வீட்டில் ஒரு தனி அறைக்கு எவ்வளவு இருக்கும்! பயந்த பூனையை முதலில் ஒரே அறையில் வையுங்கள். கட்டிலுக்கடியில் போனால் இழுக்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் சாப்பாட்டை வைத்துவிட்டு, அதே அறையில் உட்கார்ந்து உங்கள் புத்தகத்தைப் படியுங்கள். உற்றுப் பார்க்காமல், பார்வை பட்டால் கண்ணை மெதுவாக மூடித் திறங்கள். மனிதர் இப்படிச் செய்தால் பூனையும் பதிலுக்குச் செய்வதையும், செய்தவரிடம் நெருங்கி வர விரும்புவதையும் இங்கிலாந்தின் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் காட்டியிருக்கிறார்கள். மாதக் கணக்கில் ஆகலாம். ஆகட்டும்.

தட்டுக்கு வெளியே சிறுநீர் கழிக்கும் பூனையையும் உடனே குணக்கேடு என்று தீர்மானித்துவிடக் கூடாது. பல நேரம் அது சிறுநீர்ப்பையில் இருக்கும் வலி. முதலில் பரிசோதனை, பிறகுதான் தீர்ப்பு. ஆண் பூனை முக்கி முக்கிப் பார்த்தும் சிறுநீர் வரவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடவே கூடாது. ஓரிரு நாளில் உயிரே போய்விடும்.

எங்கள் வீட்டுச் செல்லிக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேல் இருக்கும். வளர்த்தவர்கள் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போகும்போது காப்பகத்தில் ஒப்படைத்துவிட்டுப் போன பூனை. அதன் சிறுநீரகங்கள் தளர்ந்துவிட்டன. எவ்வளவு குடித்தாலும் சிறுநீராகவே போய்விடுவதால் உடம்பு வறண்டுபோகும். அதற்குத் தோலுக்கடியில் ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும். டாக்டர் ஒரு முறை செய்து காட்டிவிட்டு, “நீங்களே போடுங்கம்மா, கை நடுங்கினாலும் பரவாயில்லை” என்று ஊசியை என்னிடம் கொடுத்தார்.

ரிங்கர் லாக்டேட் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வைத்து எடுத்து, ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவேன். மடியில் துண்டை விரித்து செல்லியை உட்கார வைத்து, இரண்டு தோள்களுக்கும் நடுவே தோலைக் கிள்ளித் தூக்குவேன். அங்கே தோல் தளர்வாக இருக்கும், ஊசி உள்ளே போவது அதற்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. டாக்டர் சொன்ன அளவு இறங்கி முடிந்ததும் தோலுக்கடியில் கொழுக்கட்டை போலத் தண்ணீர் திரண்டு நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக முன்னங்கால் பக்கம் இறங்கி, சாயங்காலத்துக்குள் உடம்போடு சேர்ந்துவிடும். முடிந்தவுடன் செல்லி துண்டிலிருந்து இறங்கி, ஒரு முறை உதறிக்கொண்டு, சாப்பாடு எங்கே என்று கத்தும். மொத்தமும் ஒரு காபி குடிக்கும் நேரம்தான். அளவையும் நாளையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதயம் பலவீனமான பூனைக்கு இதே தண்ணீர் ஆபத்து.

வைரஸ் என்ற சொல்லைக் கேட்டாலே ஓடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூனையின் நோயெதிர்ப்பைக் குறைக்கும் எஃப்.ஐ.வி. என்ற வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. பூனைகளுக்கிடையே பெரும்பாலும் சண்டையில் விழும் ஆழமான கடியால்தான் பரவும். வீட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டால் பல ஆண்டுகள் நன்றாக இருக்கும். எஃப்.ஐ.பி. என்ற வைரஸ் நோய் வந்தால் சாவு நிச்சயம் என்றிருந்த காலமும் போய்விட்டது. கலிபோர்னியாவில் நீல்ஸ் பெடர்சன் குழுவினர் ஜி.எஸ்.-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 25 நீண்ட நாள் பிழைத்தன. அந்த முடிவு வெளியானது 2019-இல். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் கேள்விப்பட்ட ரெம்டெசிவிர் இதற்கு நெருங்கிய சொந்தம். பொதுவாகச் சிகிச்சை 12 வாரம், செலவும் அதிகம்தான். ஆனால் வழி இருக்கிறது.

எடுக்கப் போகிறீர்கள் என்றால் காப்பகத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். தினமும் என்ன மருந்து, யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுமா? மாதம் எவ்வளவு ஆகும்? என் வீட்டில் இருக்கும் பூனையோடு வைக்கலாமா? லுகேமியா வைரஸ் இருக்கும் பூனை என்றால் எச்சில் வழியாகவே பரவும், மற்றப் பூனைகளோடு கிண்ணத்தைப் பகிர விடக் கூடாது. தனியார் மருத்துவமனைச் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது.

உங்கள் வீட்டில் மீனோ கறியோ வராது என்றால் அதையும் முதலிலேயே யோசியுங்கள். வீட்டுச் சாப்பாட்டில் பூனைக்கு டாரின் என்ற சத்து மீன், இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். தயிர்சாதத்திலேயே வளரும் பூனைக்குக் கண் போகும், இதயம் வீங்கும். கடையில் கிடைக்கும் பூனைத் தீனியில் அந்தச் சத்து சேர்க்கப்பட்டிருக்கும், அதைக் கொடுக்கலாம். சோர்ந்து படுத்திருக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை அதன் உயிரை வாங்கிவிடும்.

கடைசியாக ஒன்று. ஊருக்குப் போக வேண்டி வந்தால் யார் பார்ப்பார்கள்? காப்பகத்துக்குத் திரும்பி வரும் பூனைகளைப் பற்றி விசாரித்துப் பாருங்கள், இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் வந்தவை நிறைய இருக்கும். ஆகவே பூனையை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்தே இன்னொருவருக்கும் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுங்கள். எங்கள் மாடியில் குடியிருக்கும் கல்லூரி மாணவி செல்லிக்கு ட்ரிப்ஸ் போடக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவளால் இப்போதைக்குச் சொந்தமாகப் பூனை வளர்க்க முடியாது, ஆனால் ஒரு பூனை வாழ அவளும் காரணம். வீட்டில் இடமில்லை, வாடகை வீடு, அம்மாவுக்கு ஆஸ்துமா என்று நியாயமான தடைகள் உள்ள பலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களால் ஒரு பூனைக்கு இரண்டாவது ஆளாக இருக்க முடியும். அப்படி ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்ற தைரியம் வந்தால், முகாமில் “ஐயோ பாவம்” என்று நகர்ந்து போகிறவர்களில் சிலராவது நின்று, “இதற்குத் தினமும் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்பார்கள்.